மூச்சை விடுங்கோ

ஹமில்டன். பார்ட்டன் வீதிப் பக்கம் ஆஸ்பத்திரி,
மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
கண்ணின் பின்சுவரைப் படமெடுப்பது என் வேலை.
அதில் என்ன தெரிகிறது என்று சொல்வது
என் வேலையில்லை.

இன்றைய ஆள் நூற்றிப் பதினேழு.
பெயரை நான் எழுதக்கூடாது.
அவவே சொல்லிப்போட்டா: மெற்றில்டா.
பத்தொன்பது வருசம் இரும்பு வார்ப்பாலை,
மணல் அச்சு உடைக்கிற பகுதி, இரவு வேலை.
படிவம் கேட்கிறது: நாளுக்கு எத்தனை சிகரெட்?
"பூச்சியம் போடுங்கோ" என்றா.
"மணலுக்குக் கட்டம் இல்லையோ?"
இல்லை.

ஒட்சிசன் குழாய் காதைச் சுற்றி மூக்குக்கு வருகிறது,
கருவியின் நெற்றிப் பட்டையோடு ஒத்துப்போகவில்லை.
ஒரு காதில் கழற்றி, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி,
நாடியைக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னேன்.
சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து
சட்டைப் பொத்தான் அளவு.
"பச்சைப் புள்ளியைப் பாருங்கோ. அசையாதையுங்கோ."

திரையில்
செம்மஞ்சள் நிலம்.
ஒரு வெளிச்ச வட்டத்திலிருந்து கிளம்பி
சோடி சோடியாய் ஓடும் குழாய்கள்.
மெல்லியதில் இரத்தம் வரும், தடித்ததில் திரும்பும்.
இரண்டுக்கு மூன்று என்று பழகிய கண் எனக்கு.
இங்கே நாளங்கள் பருத்து,
பாதி வழியில் நெளிந்து
நாவற்பழச் சாறாய்க் கறுத்துக் கிடக்கின்றன.
காற்றுக் குறைந்த உடம்பு
இருக்கிற வழியையெல்லாம் அகலமாக்கிப் பார்க்கிறது,
சாமான் வராத கடைக்காரன்
வாசலை மட்டும் பெரிதாக்கியது மாதிரி.

அடுத்தது துடிக்கும் ஒளி. இருபது நொடி.
நல்ல கண்ணில் குழாய்கள் அதற்கு விரியும்,
கூப்பிட்டால் திரும்புகிற தலை போல.
ஒளி துடித்தது.
கோடு நேராகவே போனது.
திறந்தே கிடக்கிற கதவை
வெளிச்சம் எப்படித் தட்டும்?

அப்போதுதான் விரல் கவ்வியைப் பார்த்தேன்.
எண்பத்தொன்பது.
எண்பத்தாறு.
எண்பத்துமூன்று.
குழாயில் மடிப்பில்லை. சிலிண்டர் முள்ளும் சரி.
மனுசி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா!

"மூச்சை விடுங்கோ! ஏன் பிடிச்சனீங்கள்?"
பதில் வர ஒரு நிமிசம் ஆனது.
"அசையாதையெண்டு... சொன்னீங்கள்.
படம்... பழுதாப் போயிடும் எண்டு."

இந்தக் கமராவுக்கு மூச்சு இடைஞ்சல் இல்லை.
அதை நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்.
சுவரில் ஒட்டிய அறிவுறுத்தல் தாளில் பதினொரு வரி,
ஒன்றிலும் அது இல்லை.
பேனையால் பன்னிரண்டாவதை எழுதினேன்.

திரும்ப எடுத்தோம். மூச்சு விட்டபடி.
கோடு ஒரு மயிரளவு எழும்பியது.
எழும்பியதா,
என் ஆசை எழும்பியதா, தெரியவில்லை.

"என்ன தெரியுது?"
"டொக்டர் கடிதம் போடுவார்."
"உங்கட முகம் எனக்கு மங்கல்" என்றா,
"குரல் வடிவாச் சொல்லுது."

கீழே மச்சாள் காரில் காத்திருந்தா.
கட்டணப் பெட்டியின் எழுத்து இவவுக்குத் தெரியவில்லை,
எல்லாமே வெளிச்சக் கறை.
நான் அழுத்தினேன்: பதினாலு டொலர்.
ஆய்வு கொடுத்த கோப்பிக் கடை அட்டை பத்து டொலர்.
"கண்ணையும் குடுத்து நாலு டொலர் நட்டம்!"
சிரித்தா. சிரிப்பு இருமலானது.
இருமல் நிற்கவில்லை.
பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர்,
பனி உருகி ஒழுகும் சப்பாத்துகளோடு,
ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முடிந்ததும் சீட்டை வாங்கி
கையை நீட்டித் தூரம் பிடித்துப் பார்த்தா.
"எவ்வளவு நேரம் தாறாங்கள்?"
"பத்து நிமிசம். அதுக்குள்ள வெளியில போகோணும்."
குழாயைக் காதில் திரும்ப மாட்டினா.
"லிஃப்ட் மட்டும் ரெண்டு தரம் நிப்பன்.
காணும்."